சிறுநீரகத்துக்கு சாம்பிள் கிடையாது

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரில் நுரை வந்தபோது நான் கழிவறை கழுவும் திரவத்தின் மேல் பழி போட்டேன்.

சாயப்பட்டறையில் நுரையோடு குடித்தனம் நடத்தியே தலை நரைத்தவன் நான். சோப்பு நுரையா, சாய நுரையா, எந்தச் சாயத் தொட்டியில் என்ன கூடிப்போயிருக்கிறது என்று தூரத்தில் நின்றே சொல்வேன் என்று பெருமை வேறு. அந்தப் பெருமையோடு என் மனைவி சரசுவைக் கூப்பிட்டு, "இத்தனை லிக்விட் ஊத்தினா நுரை வராம என்ன பண்ணும்? பாதி ஊத்து, போதும்" என்றேன். பாதி ஊற்றினாள். நுரை குறையவில்லை. வேறு கம்பெனி வாங்கச் சொன்னேன். வாங்கினாள். நுரை அப்படியே நின்றது. "இவனும் சோப்பை அள்ளிக் கொட்டறான்" என்றேன்.

"ஏனுங்க, போன வெள்ளிக்கெழமையில இருந்து நான் எதையுமே ஊத்தறதில்லீங்க. வெறும் தண்ணிதான்" என்றாள் சரசு.

அப்போதும் எனக்குப் பயம் வரவில்லை. நுரை பொங்கும் மெஷினில் ஊற்றி அடக்குவோமே, அந்த ஆன்டிஃபோம் மருந்தில் கொஞ்சம் பட்டறையிலிருந்து கொண்டுவரலாமா என்றுதான் யோசித்தேன். டையிங் மாஸ்டர் மணி என்ற பெயருக்கு அதற்கு மேல் மரியாதை தேடித்தர முடியாது.

வேலம்பாளையத்தில் நான் கடைசியாக வேலை பார்த்த பட்டறையில் இப்போது செந்தில் மாஸ்டராக இருக்கிறான். என்னிடம் வேலை பார்த்தவன்தான், என்னைவிடக் கெட்டிக்காரன். "அண்ணா, இப்பெல்லாம் மெஷினே சாயத்தை எடை போட்டு ஊத்திக்குது. உப்பு எதுக்குப் போடறோம்னு கேட்டா பசங்க முழிக்கறாங்க. வந்து உங்க அனுபவத்தைப் பேசுங்க. பேசறதை எழுதியும் குடுங்க" என்றான். பேசினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் கேட்டது உப்பைப் பற்றி. நான் பேசியது சிறுநீரகத்தைப் பற்றி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கே ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது.

நான் வேலை கற்ற கதை பெரிதில்லை. பொங்கலூர்ப் பக்கம் சொந்தத் தோட்டம். கிணறு வற்றியது, கல்லூரியில் வேதியியலும் வற்றியது. மாமா ஒருவர் சாயப்பட்டறை லேபில் கொண்டுபோய் விட்டார். சின்னச் சின்னக் குடுவைகளில் துணித்துண்டைச் சாயத்தில் முக்கி, வெளிநாட்டு பையர், அதாவது துணி வாங்கும் கம்பெனிக்காரர், கேட்ட நிறத்தைக் கொண்டுவர வேண்டும். அந்தத் துண்டுக்கு லேப் டிப் என்று பெயர். பையர் சரி என்று சொன்ன பிறகுதான் டன் கணக்கில் துணி மெஷினில் ஏறும். அது பல்க். சாம்பிளில் தேவதை மாதிரி இருக்கும் நிறம் பல்க்கில் பேய் மாதிரி வரும். திருப்பூரில் பாதிப் பேருக்குத் தூக்கம் போவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

எனக்கு மேலே இருந்தவர் பொன்ராஜ் மாஸ்டர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். திட்டவே மாட்டார். நாம் ஏதாவது பெருமையாகச் சொன்னால் "அப்படியா?" என்பார். அவ்வளவுதான். அந்த "அப்படியா"வுக்குப் பிறகு வரும் அமைதியில் நமக்கு வியர்க்கும். மெஷினிலிருந்து துணி இறங்கியதும் எல்லோரும் முனையில் ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோவோம். முனை எப்போதும் அழகாக இருக்கும். அவர் அதை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, தானே எழுந்து வந்து நடுவிலிருந்து இழுத்து வெட்டுவார். அதை நனைத்து, பிழிந்து, வெளியே வெயிலில் நின்று பார்ப்பார்.

சாயம் போடும் முறையை அவர் ஒரே ஒரு முறை சொன்னார். "பஞ்சு தண்ணிக்குள்ள இறங்கினதும் அதுல ஒரு மின்சாரம் இருக்கும், நெகட்டிவ். நம்ம சாயமும் நெகட்டிவ். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். உப்பைப் போட்டா அந்தத் தள்ளுமுள்ளு அடங்கும். சாயம் நூலுக்குள்ள போயிரும். ஆனா போனது திரும்பியும் வந்துரும், அது சும்மா விருந்தாளி. பொறகு சலவைச் சோடாவைப் போடுதோம் பாரு, அப்பந்தான் நூலைக் கட்டிப் புடிக்கும். அதுக்குப் பொறகு நீ அழுதாலும் வராது."

லாட் என்றால் ஒரே தடவையில் சாயம் போடும் துணி மொத்தம்; அப்படி ஒரு லாட்டை மறக்க முடியாது. மயில்நீலம். சாம்பிள் ஓகே ஆகியிருந்தது, சரக்கு அனுப்பும் அவசரம். முனைத்துண்டும் அருமை. முதலாளி லேபுக்கே வந்து, "மாஸ்டர், லோடு ஏத்தீரலாமுங்களா?" என்று கேட்டார். மாஸ்டர், "அப்படியா?" என்றார். பிறகு துணியின் நடுவில் ஒரு துண்டு வெட்டி, முதலாளிக்கு வைத்திருந்த வெந்நீர் டம்ளரில் போட்டார். தண்ணீர் கோவில் குளம் மாதிரி ஆனது. முதலாளி அதைக் குடிப்பதா வேண்டாமா என்பது போலப் பார்த்தார். திரும்பத் திரும்பச் சோப்பு வாஷ் கொடுத்தோம். சாயம் போகப் போகத் துணி திட்டுத் திட்டாகப் பல் இளித்தது. கடைசியில் மாஸ்டர், "கறுப்பு அடிச்சிருவோம்" என்றார்.

எங்கள் தொழிலில் கறுப்புதான் கடவுள். எந்த லாட் கெட்டாலும் கறுப்பு அடித்து வேறு ஆர்டருக்குத் தள்ளிவிடலாம். இந்த ஒரு நம்பிக்கையில்தான் நான் என் உடம்பையும் ஓட்டினேன் என்று நினைக்கிறேன்.

நாற்பது தாண்டியதும் சர்க்கரை வந்தது. பட்டறையில் யாருக்கு வரவில்லை? ஷிப்டு வேலை, பால் டீ, பேக்கரி பப்ஸ். எங்கள் பகுதி டாக்டர் நல்ல மனிதர், சிரிப்புப் பிரியர். நான் ரத்தப் பரிசோதனைக்குப் போவதற்குச் சில நாள் முன்பிருந்தே தயாராவேன். ராகிக்களி, கொள்ளுரசம், காலை மாலை நடை. சோப்பு வாஷ் கொடுத்த துணி மாதிரி உடம்பைச் சுத்தமாக்கிக்கொண்டு போய் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பேன். ரிசல்ட் அழகாக வரும். டாக்டர், "பரவாயில்லீங்களே மாஸ்டர்" என்பார். "மாப்பிள்ளை பாக்கப் போறப்ப எல்லா வண்டியும் கழுவித்தானுங்க நிக்கும்" என்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். நான் தப்பித்து வந்து பேக்கரியில் ஒரு தேங்காய் பன் சாப்பிட்டுக் கொண்டாடுவேன்.

மூன்று மாத சராசரி காட்டும் பரிசோதனை ஒன்று உண்டு, அதையும் எடுங்கள் என்று அவர் சொன்னபோதெல்லாம் ஒரு ஜோக் சொல்லித் தள்ளிப்போட்டேன். நான் செய்தது வேறொன்றுமில்லை. பையருக்கு அனுப்புகிற மாதிரி டாக்டருக்கு சாம்பிள் கொடுத்து ஓகே வாங்கினேன். பல்க் உள்ளே வேறு நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நுரைக்குப் பிறகு கால் வீங்கியது. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் அதன் பட்டை காலில் பள்ளமாக நிற்கும். சரசு தன் கட்டைவிரலால் என் கணுக்காலை அழுத்தினாள். குழி விழுந்தது. அது திரும்பி மேலே வரவே இல்லை. அவள் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெளம்புங்க" என்றாள். நான் ஏதோ ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். "கெளம்புங்கன்னேன்" என்றாள்.

சிறுநீரக டாக்டர் இளவயதுப் பெண். சிரிப்புப் பிரியர் இல்லை. சிறுநீரையும் ரத்தத்தையும் பரிசோதித்து, அந்த மூன்று மாதக் கணக்கையும் எடுத்துவிட்டார். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்க வேறொருவரிடம் அனுப்பினார். எல்லா ரிசல்ட்டும் வந்த பிறகு எங்களை உட்காரவைத்தார்.

"அண்ணா, யூரின்ல புரோட்டீன் போகுது. அதான் நுரை. கிட்னி வேலை செய்யற அளவும் பாதிக்குக் கிட்ட எறங்கியிருக்குது."

"போன தடவை ரத்தத்துல கிட்னிக்குன்னு பாக்கற கிரியேட்டினின் ரொம்ப நல்லா இருந்துச்சுங்களே மேடம். அதுக்கு முன்னாடி இன்னும் நல்லா இருந்துச்சுங்க."

"நல்லா இருக்கலீங்கண்ணா. அளவுக்கு மீறி ஓடிட்டு இருந்துச்சு."

பிறகு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை சொல்கிறேன். தப்பு இருந்தால் அது என்னுடையது.

சிறுநீரகத்துக்குள் லட்சக்கணக்கில் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களை உருட்டிவைத்த ஒரு பந்து. வடிந்த நீர் ஒரு நீளக் குழாய் வழியாகப் போகும். அந்தக் குழாயின் சுவரில் இருக்கும் செல்கள் நமக்கு வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சர்க்கரை அதிகமாக வடிந்தால் அந்தச் செல்கள் அதை விழுந்தடித்து மீட்கும். மீட்கும்போது கூடவே உப்பையும் இழுத்துக்கொள்ளும். குழாயின் கடைசியில் காவலுக்கு நிற்கும் செல்கள் தங்களிடம் வரும் உப்பு குறைவாக இருப்பதைப் பார்த்து, மேலே ஓட்டம் போதவில்லை என்று தப்பாக முடிவு செய்யும். உடனே பந்துக்குள் ரத்தம் நுழையும் வழி அகலமாகும். வெளியேறும் வழி இறுகும். நடுவில் அழுத்தம் ஏறும்.

"இன்லெட் வால்வைத் தொறந்து அவுட்லெட்டை அடைச்ச மாதிரிங்களா? பிரஷர் ஏறினா புரொடக்‌ஷன் கூடுமுங்களே" என்றேன்.

"கூடும். கொஞ்ச காலத்துக்கு. அந்த ரிப்போர்ட்டைப் பாத்துத்தான் நீங்க சந்தோசப்பட்டிருக்கீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரசு பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

உடம்பின் பல செல்கள் சர்க்கரை அதிகமானால் கதவைச் சாத்திக்கொள்ளுமாம். வடிகட்டிச் செல்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் உள்ளே வரும். செல்லுக்குள் எரிபொருளை எரிக்கும் இடங்கள் திணறும். எங்கள் பாய்லரில் விறகை அளவில்லாமல் திணித்தால் கரும்புகை கக்குமே, அது மாதிரி அங்கேயும் கெட்ட கழிவு பெருகி செல்லையே அரிக்கும். அரிபட்ட செல்கள் அபாயக் குரல் கொடுக்கும். அதைக் கேட்டு, குழாய்களைத் தாங்கிப்பிடித்து நடுவில் நிற்கும் செல்கள் நாராக உற்பத்தி செய்து குவிக்கும். நார் பெருகப் பெருக ரத்தக் குழாய்கள் நசுங்கும். வடிகட்டும் சவ்வும் தடிக்கும்.

இங்கேதான் நான் குறுக்கே புகுந்தேன். "மேடம், துணி தடிச்சா ஜிஎஸ்எம், அதான் சதுர மீட்டர் எடை, கூடுதுன்னு அர்த்தம். ஜிஎஸ்எம் கூடினா ஓட்டை கம்மியாகோணும். புரோட்டீன் எப்படிங்க வெளிய போகும்? உங்க ரிப்போர்ட்ல எங்கியோ தப்பு இருக்குதுங்க."

என் வாழ்க்கையில் நான் இவ்வளவு நம்பிக்கையோடு பேசியது குறைவு. நாற்பது வருடத் துணி அனுபவம் எனக்குப் பின்னால் நின்று கைதட்டியது.

டாக்டர் கோபப்படவில்லை. "ஓட்டையோட அளவு மட்டும் இல்லீங்கண்ணா. அந்தச் சவ்வுல நெகட்டிவ் சார்ஜ் இருக்குது. ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரோட்டீனும் நெகட்டிவ். ரெண்டும் தள்ளிக்கும். அதனால ஆல்புமின் பக்கத்துல வந்தாலும் திரும்பிப் போயிரும். சர்க்கரை நாளாக நாளாக அந்தச் சவ்வோட இழையில ஒட்டிக்குது, இழையோட தன்மையே மாறிப்போகுது. சார்ஜ் கொறைஞ்சிருது. தள்ளறதுக்கு ஆளில்லை."

நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "உப்புப் போட்ட மாதிரிங்களா?"

அவருக்குப் புரியவில்லை. பஞ்சு, சாயம், உப்பு எல்லாம் சொன்னேன். "ம், கிட்டத்தட்ட அப்படி வெச்சுக்கலாம்" என்றார். "ஒட்டின சர்க்கரையைத் திரும்பக் கழுவி எடுக்க முடியுங்களா?" என்றேன். "மொதல்ல லேசா ஒட்டறது விட்டுரும். நாளானா கெட்டிப்பட்டிரும். அப்புறம் வராது. உங்க மூணு மாச டெஸ்ட்டும் அதேதான். ரத்த செல்லுல ஒட்டின சர்க்கரை அந்த செல் சாகற வரைக்கும் போகாது. நாலு நாள் களி தின்னா மறையாதுங்க."

களி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். சரசு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உண்மையாகப் பயம் வந்தது அதற்கடுத்துச் சொன்னதில். அந்தச் சவ்வின் வெளிப்புறத்தில் கால் முளைத்த செல்கள் உண்டாம். பக்கத்துப் பக்கத்து செல்கள் தங்கள் கால்விரல்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டு குழாயைப் போர்த்திப் பிடித்திருக்கும். விரல்களுக்கு நடுவே உள்ள மெல்லிய சந்துதான் கடைசி வடிகட்டி. அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்து தாக்கும்போது அந்த விரல்கள் மழுங்கிப் போகும். சந்து குலையும். கடைசியில் செல்லே பிடிவிட்டு விழுந்து சிறுநீரோடு போய்விடும்.

"போனா வேற முளைக்குமுங்களா?"

"இல்லீங்க. அந்த செல்லு பெருகறது இல்லை. மிச்சம் இருக்கறது தன்னை இழுத்து நீட்டிக்கிட்டு, போனவன் எடத்தையும் மூடப் பாக்கும். ஓரளவுக்குத்தான் முடியும். அதுக்கு மேல அதுவும் விழுந்துரும்."

தீபாவளி லீவு முடிந்த பிறகு பட்டறை இருக்கும் கோலம் எனக்குக் கண்ணில் வந்தது. ஒடிசாவுக்குப் போன ஆட்கள் பாதிப் பேர் திரும்ப மாட்டார்கள். இருப்பவனை ஒரு மெஷினுக்குப் பதில் மூன்று மெஷின் பார்க்கச் சொல்வோம். அவனும் பார்ப்பான். ஒரு நாள் சொல்லாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். எனக்குள் எத்தனை பேர் ஏற்கெனவே ரயிலேறினார்கள் என்று தெரியவில்லை. என் கழிவறையில் அவர்களை நான் தண்ணீர் ஊற்றி வழியனுப்பியிருக்கிறேன்.

"மேடம், கெட்ட லாட்டுக்கு நாங்க கறுப்பு அடிச்சிருவோமுங்க. இதுக்கு அப்படி ஏதாச்சும்..."

"இல்லீங்கண்ணா. தழும்பானது தழும்புதான். இருக்கறதைக் காப்பாத்தோணும். விட்டுட்டா டயாலிசிஸ்."

மாத்திரைகள் எழுதினார். ஒன்று அந்த வடிகட்டிப் பந்துக்குள் அழுத்தத்தைக் குறைக்க, வெளியேறும் வழியைத் தளர்த்துவது. இன்னொன்று சர்க்கரையைக் குழாயில் மீட்க விடாமல் வெளியே அனுப்பி, கடைசியில் நிற்கும் காவல்காரனுக்கு உண்மையைச் சொல்வது. ரத்த அழுத்தத்துக்குத் தனி. உப்பைக் குறைக்கச் சொன்னார். கால்வலிக்கு நானாக மெடிக்கலில் வாங்கி விழுங்கும் மாத்திரையை அன்றோடு நிறுத்தச் சொன்னார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அந்த மூன்று மாதம்தான் என் பணிக்காலத்தின் கடைசி மூன்று மாதமும். சூட்டில் நின்று வேலை பார்க்கக் காலும் விடவில்லை, மனமும் விடவில்லை. லேபில் துணித்துண்டை வெளிச்சத்தில் பிடித்தால் நிறம் தெரியாது, காலையில் பார்த்த நுரைதான் தெரியும். நேற்றைவிடக் குறைவா, கூடவா? வீட்டில் கழிவறைக்குள் போனால் வெளியே வர மாட்டேன். சரசு கதவைத் தட்டுவாள். "ஏனுங்க, உள்ள கலர் ஷேட் பாக்கறீங்களா? வெளிய வாங்க, சோறு ஆறுது." உப்புக் குறைத்த சோறு. பட்டறையில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டியவனுக்கு இலையில் ஒரு சிட்டிகைக்கு அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பேருந்தில் அவிநாசிபாளையம் போகும்போது டயாலிசிஸ் விளம்பரப் பலகை ஒன்று வரும். அந்த இடம் வந்தால் நான் கண்ணை மூடிக்கொள்வேன். கண்டக்டர் நான் தூங்குவதாக நினைத்து ஒரு நாள் இறங்கும் இடம் தாண்டி எழுப்பினார்.

இந்த முறை பரிசோதனைக்குத் தயாராகவில்லை. தயாராக முடியாது என்பதுதான் பயமே. முனைத்துண்டு வெட்டிக் கொடுக்க வழியில்லை. நேராக நடுவில் வெட்டுகிறார்கள்.

டாக்டர் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் சரசுவின் கையைப் பிடித்திருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது. நகம் பதிந்து அவள் கையில் தடம் இருந்தது.

"புரோட்டீன் போறது நல்லாவே கொறைஞ்சிருக்குதுங்க. கிட்னி வேலை செய்யற அளவு ஏறலை. எறங்கவும் இல்லை. அங்கியே நிக்குது."

"அப்ப தப்பிச்சனுங்களா?"

"நிக்குதுன்னு சொன்னேன். தொடர்ந்து பாக்கோணும். இன்னும் மூணு மாசம் கழிச்சு வாங்க."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை போய்விட்டேன். இன்னும் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தாளை அவர் திருப்பும்போது நான் சரசுவின் கையைத் தேடுகிறேன்.

இவ்வளவையும்தான் செந்தில் கூப்பிட்டபோது பட்டறை கேன்டீனில் பேசினேன். கழிவறை லிக்விட் கதைக்கு விசில் பறந்தது. ஜிஎஸ்எம் சண்டைக்கு மேஜையைத் தட்டினார்கள். ரயிலேறிய செல்களை ஓர் ஒடிசாக்காரர் இந்தியில் பக்கத்து ஆளுக்குச் சொல்ல, அந்தப் பக்கமும் சிரிப்பு. வாசலில் ஒரு மருத்துவப் பரிசோதனை லேபிலிருந்து ஆளை வரவழைத்து உட்காரவைத்து, மேஜை மேல் சிறுநீர் டப்பாக்களை அடுக்கிவைத்திருந்தான் செந்தில். யார் வேண்டுமானாலும் சிறுநீர் கொடுத்து இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். எனக்குக் கைதட்டல் ஓயவே இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு அது எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்குத் தெரியாது. மிதந்துகொண்டே வெளியே வந்தேன்.

டப்பாக்கள் அடுக்கியது அடுக்கியபடி இருந்தன. மேல் வரிசையில் இரண்டு மட்டும் குறைந்திருந்தது. டீக்கடைப் பக்கம் கூட்டம், சிரிப்புச் சத்தம். "இந்த டப்பாவுக்கு மூடி போட்டா நுரை வெளிய வராதுல்ல" என்று யாரோ என் குரலிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

செந்தில் என்னை வண்டி வரைக்கும் கொண்டுவந்து விட்டான். நானே, "என்ன செந்திலு, பேச்சு எப்படி?" என்று கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா" என்றான். "இத்தனை வருசம் டாக்டரைச் சிரிக்க வெச்சு நீங்க டெஸ்ட்டுல இருந்து தப்பிச்சீங்க. எப்படித் தப்பிக்கறதுன்னு இன்னிக்கு இவங்களுக்கும் சொல்லிக் குடுத்துட்டுப் போறீங்க."